கண்மாய்க்கரை நகருமா?

மதுரைப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் நின்று, ஜிபிஎஸ் காட்டும் எண்களைப் பழைய சர்வே ஆஃப் இந்தியா தாளில் குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். கருவி பழுதில்லை! தாள் 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த, இந்தியாவுக்கு மட்டும் பொருந்திய பூமி வடிவத்தில் வரையப்பட்டது. ஜிபிஎஸ் பின்பற்றும் டபிள்யூஜிஎஸ் 84 பூமியின் மையத்திலிருந்து அளப்பது. பல நாட்டு நிலையங்கள் சேர்ந்து செயற்கைக்கோள்களைக் கவனித்ததால் கிடைத்தது அந்த மையம்.

2005 தேசிய வரைபடக் கொள்கையில்தான் பொதுமக்களுக்கான தாள்கள் இதற்கு மாறின. தாமதம்தான்... ஆனால் ஆக்கிரமிப்புத் தகராறில் எடுபடுவது அந்தத் தாள் இல்லை, சங்கிலி பிடித்து அளந்த புல வரைபடம். அதில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. எல்லைக்கல்லைப் பிடுங்கினால் கரையும் நகர்ந்துவிடும். உலக அளவையில் முதலில் பதிய வேண்டியது கண்மாய்க் கற்களை. வீட்டுமனைகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.