ஆர்க்கென்டெரானா, தொல்குடலா?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், சேர்வராயன் மலையடியில் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டியின் குட்டைகளில் தவளை முட்டைகளைக் காணாத சிறுவர் இலர். அம்முட்டைக்குள் ஓரிரு நாளில் நிகழும் ஒரு மாற்றத்திற்கு, உயிரியல் பயிலப் புகுந்த பின் அவ்வூர் மாணவன் கற்கும் பெயர் 'ஆர்க்கென்டெரான்' என்பது. அச்சொல்லைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுவான். ஆனால் அது ஒரு குடலைக் குறிக்கிறது என்பதை அதன் ஓரெழுத்தும் அவனுக்கு உணர்த்தாது.

நிகழ்வதோ எளிதில் விளங்கத் தக்கது. கரு முதலில் உட்புழையுடைய ஓர் உருண்டை. கடல் முள்ளெலியின் கருவில், காற்றிறங்கிய பந்தை விரலால் அழுத்தினாற்போல ஒரு பக்கம் உட்குழிகிறது. தவளையில் பிறை வடிவான ஒரு பிளவு தோன்ற, அதன் விளிம்பு வழியே கண்ணறைகள் மடிந்து உட்புகுகின்றன. இவ்வாறு உண்டாகும் புதுக் குழியே விலங்கின் முதற் குடல். அது விரிய விரியப் பழைய புழை ஒடுங்கி மறைகிறது. பின்னர்க் குடலும், அதனின்று கிளைக்கும் ஈரலும் கணையமும் நுரையீரலும் தத்தம் உட்பூச்சை இக்குழியின் சுவரிலிருந்தே பெறுகின்றன.

இதனை ஆங்கிலத்திற் பெயரிட்டவர் இரே இலாங்கெசுட்டர், காலம் 1870-கள். தொடக்கம், குடல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை அவர் ஒட்டினார். கிரேக்கனுக்கு அது தாய்மொழிச் சொல், ஆங்கிலேயனுக்கே கடன், தமிழனுக்கோ கடனுக்குக் கடன்! "உலகப் பொதுச்சொல்லை விட்டால் அறிவியல் தேங்கும்" என்பார், செருமானியரைப் பார்க்கட்டும். அவர்கள் தம் மொழியிலேயே 'ஊர்தார்ம்' என்றனர். தொல்குடல் என்பதே அதன் பொருள். வால்நீரியின் கருவில் அப்பிளவின் மேலுதட்டை வெட்டி வேறொரு கருவில் ஒட்டி, இரண்டாம் உடலையே உருவாக்கிக் காட்டிய சிபேமானும் இல்டே மாங்கோல்டும் 1924-இல் தம் ஆய்வைச் செருமன் மொழியிலேயே வெளியிட்டனர். சிபேமானுக்கு 1935-இல் நோபெல் பரிசும் கிடைத்தது. எந்த அறிவியல் தேங்கியது?

சேலத்திற்கு இவ்வழக்கு புதிதன்று. தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குதற்கென்றே 1916-இல் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் ஒரு கழகத்தை நிறுவியது இந்நகரில்தான். பணி பாராட்டுக்குரியது, ஆயினும் 'பரிபாசை' என்னும் வடசொல் அதன் பெயரிலேயே நின்றது. பின் 1944 முதல் 1956 வரை இந்நகர்க் கல்லூரியில் தமிழ் கற்பித்த பாவாணர், வேர் கண்டு சொல்லாக்கும் வழியைக் காட்டினார். இவ்விரு வழிகளின் வேறுபாடு ஒரு கருவின் குடலிலும் தெரிகிறது. 'ஆதிக்குடல்' என்பது பாதி வழி வந்து நின்ற சொல்; பிந்திய பாதி தமிழாகவே இருக்க, முந்திய பாதிக்கு மட்டும் இரவல் எதற்கு? தொல் என்னும் சொல் தமிழில் வற்றிவிட்டதா?

அக்குழியின் வாயிலில்தான் தமிழின் வளம் நன்கு புலப்படும். 'பிளாசுட்டோபோர்' எனப்படும் அத்துளையைச் செருமானியர் 'ஊர்முண்டு', அதாவது முதல் வாய், என்றனர். ஆனால் தவளை, கடல் முள்ளெலி முதலியவற்றில் அத்துளை உண்ணும் வாய் ஆவதில்லை. கழிவு வெளியேறும் பக்கமே அங்கு அமைகிறது. உண்ணும் வாய் பின்னரே வேறிடத்தில் திறக்கிறது. நத்தையினம் பலவற்றில் அதுவே உண்ணும் வாயாகிறது. செருமன் சொல் இங்கே இடறுகிறது. தமிழிலோ உண்பதும் வாய், கழிப்பதும் எருவாய். மடைக்கும் வாய் உண்டு, புண்ணுக்கும் வாய் உண்டு. 'தொல்வாய்' என்றால் நத்தைக்கும் பொருந்தும், குட்டைத் தவளைக்கும் பொருந்தும்.