பிணைக்குப் பிணை நிற்பார் யார்?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழா விருந்தில், பந்தியில் என் அருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். பீகாரில் நீல்காய் எனப்படும் நீலமான்களைச் சுட்டு வீழ்த்தியது பற்றி யான் வருந்திப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் நகைத்தவாறே, "தம்பி, ஆட்டுக்கறியை உண்டுவிட்டு மானுக்காகக் கண்ணீர் வடிப்பது எந்த ஊர் நியாயம்?" என்றார். பந்தியே சிரித்தது, யானும் சிரித்தேன். ஆயினும் வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. அதற்குரிய விடையை இம்மலரில் கூற முற்படுகின்றேன். பெரியவர் பொறுத்தருள்வாராக.

முதற்கண் என் நிலையைத் தெளிவாக்கிவிடுகின்றேன். யான் புலால் உண்பவன். திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அம்மலையுச்சியை அடிவாரத்தில் நின்று வணங்குபவனேயன்றி, ஏறிச் சென்றவன் அல்லேன். என் வழக்கு அதனினும் தாழ்ந்த படியில் நிற்பது. கொல்பவனுக்கும் ஓர் அறம் உண்டு. பாலூட்டும் தாயைக் கொல்லாதிருத்தல் அவ்வறத்தின் முதல் விதி என்பதே அது.

இது யான் புதிதாகக் கண்டதன்று. எங்கள் ஊரில் கிடாய் வெட்டுவார்கள். சினையாட்டை வெட்ட மாட்டார்கள். குட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருக்கும் ஆட்டைக் கறிக்குக் கேட்டால், விற்பவன் கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பான். அவன் சைவனும் அல்லன், சமணனும் அல்லன். கறி உண்ணும் குடியில் பிறந்து, கறி விற்றுப் பிழைப்பவன்தான். ஆதலின், உண்பவனுக்கு இரக்கம் பேச உரிமையில்லை என்னும் கூற்று, உண்பவர்களே காலங்காலமாகக் காத்து வந்த ஒரு நெறியை மறந்து பேசும் பேச்சாகும்.

நம் இலக்கியம் இந்நெறியை எவ்வாறு போற்றியது என்று பார்ப்போம். தொல்காப்பிய மரபியல் மானின் பெண்ணுக்குப் பிணை என்றும், அதன் குட்டிக்கு மறி என்றும் பெயர் வகுக்கின்றது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வீரை வெளியனார் காட்டும் வேடன் மனையை நினைவு கூர்வோம். வேடன் அயர்ந்து உறங்குகின்றான். வேட்டைக்கெனப் பழக்கி வைத்த பார்வைப் பிணையோடு, எங்கிருந்தோ வந்த கலைமான் ஒன்று கூடி விளையாடுகின்றது. அதனை வேடனின் மனைவி காண்கின்றாள். ஓசை எழுந்தால் கணவன் விழித்துக்கொள்வான். கலை பிணையைப் பிரிந்து ஓடிவிடும். இவ்விரண்டிற்கும் அஞ்சி அவள் நடமாடாது நிற்கின்றாள். மானின் இறைச்சியால் வாழும் வீட்டுப் பெண் அவள். அவ்வீட்டிலும் 'இப்பொழுது அன்று' என்று சொல்லும் ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லையைத்தான் யான் அறம் என்கின்றேன்.

மகாபாரதத்தில் பாண்டு மன்னன் பெற்ற சாபமும் இதே எல்லையைக் குறித்ததன்றோ? மான் வடிவில் துணையோடு கூடியிருந்த முனிவர், வேட்டையாடியதற்காக அரசனைப் பழிக்கவில்லை. பொறுத்திருக்கவில்லையே என்றுதான் பழித்தார்.

திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் பன்றிக் குட்டிகளின் கதையைச் சொல்கின்றார். பாண்டியனின் வேட்டையில் தாய்ப்பன்றி மடிய, பசியால் துடித்த குட்டிகளுக்குச் சிவபெருமானே தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டுகின்றார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் உண்டு. வேடன் கையில் அகப்பட்ட பிணைமான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாக வேண்டுகின்றது. நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்கின்றார். மான் சொன்ன சொல் தவறாது கன்றோடு திரும்பி வருகின்றது. வேடனின் உள்ளம் மாறுகின்றது. மதுரைச் சிவனைப் பாடிய புலவரும் மக்கத்து நபியைப் பாடிய புலவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. தாயின் மடியில் உள்ள பால் கொன்றவனுக்கு உரியதன்று. அது குட்டிக்குரிய கடன்.

இனி, இக்காலத்து நிலைக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபோது, உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. அப்பொழுதே குட்டிகளையும் பெண் விலங்குகளையும் வேட்டையாடுவதை அச்சட்டம் தனியே கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமத்தையே ஒழித்தது. நன்று. ஆயினும் ஒரு வாயில் திறந்தே இருந்தது. ஒரு விலங்கைப் பயிருக்குத் தீங்கு செய்வது என்று மைய அரசு ஒரு பகுதியில் அறிவித்துவிட்டால், அங்கே அதற்குப் பாதுகாப்பு இல்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய விலங்குகளின் பட்டியலை நீக்கியபோதிலும், அவ்வாறு அறிவிக்கும் அதிகாரத்தை நீக்கவில்லை. பொழுதுபோக்கு வேட்டைக்காரனிடம் 'ஆணா, பெண்ணா, குட்டியுடையதா?' என்று கேட்ட சட்டம், இவ்வாயிலில் நிற்பவனிடம் அதனைக் கேட்பதில்லை.

2015ஆம் ஆண்டின் இறுதியில் பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காய் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. 2016 ஜூனில் மோகாமா வட்டாரத்தில், வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பாக்கிக்காரர்கள் சில நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டு வீழ்த்தினர். மைய அமைச்சர்களே இது குறித்து ஒருவரோடொருவர் வெளிப்படையாக முரண்பட்டனர்.

உழவரின் துயரை யான் மறுக்கவில்லை. என்னோடு பணிபுரியும் பீகார் நண்பர் ஒருவருக்குக் கங்கைக் கரையில் சிறிது நிலம் உண்டு. வெள்ளம் வடிந்த ஈரத்தில் விதைத்த மசூர்ப் பருப்பு, ஒரே இரவில் மிதிபட்டுப் போனதை அவர் சொன்னபோது, அவர் குரல் தழுதழுத்தது. "உங்களுக்கு அது மான், எங்களுக்கு அது கடன்" என்றார். அவருக்கு எதிராக யான் எழுதவில்லை. அவர் பெயரால் பிறப்பிக்கப்படும் ஆணையில் விடுபட்டுப்போன ஒரு வரிக்காக எழுதுகின்றேன்.

'குட்டியோடு நிற்பதை விட்டுவிட்டுத் தனித்து நிற்பதைத்தானே சுடுகின்றோம்' என்பது முதல் மறுப்பு. மான் இனத்தின் இயல்பை அறியாதவர் கூற்று இது. நீல்காயின் கன்று, பிறந்த முதற் சில வாரங்கள் புதரில் மறைந்து படுத்திருக்கும். தாய் அப்பால் சென்று மேய்ந்து, வேளைக்கு வந்து பாலூட்டிச் செல்லும். புல்லில் பதுங்கிக் கிடக்கும் வெளிமான் கன்றின் வழக்கமும் இதுவே. ஆகவே தனித்து நிற்கும் பிணை குட்டியில்லாத பிணை என்பதற்கு உறுதி இல்லை. நீல்காய் ஓர் ஈற்றில் இரு கன்றுகளை ஈனுவதும் மிகுதி. யான் எழுத்தர், கணக்கு என் தொழில். கோப்பில் 'சுடப்பட்டது ஒன்று' என்று பதிவாகும்; காட்டில் மடிவன மூன்று. அவற்றுள் இரண்டு குண்டினால் அன்று, பசியினால், நாட்கணக்கில் மடிகின்றன. இது அறத்திலும் பிழை, கணக்கிலும் பிழை.

'பெண்ணைச் சுடாமல் தொகையைக் குறைக்க இயலாது' என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஓர் ஆண் பல பிணைகளோடு கூடுமாதலின், ஆண்களை மட்டும் குறைப்பதால் பெரும்பயன் விளையாது. ஆனால் பெண்ணைச் சுடுவது வேறு, பாலூட்டும் பெண்ணைச் சுடுவது வேறு. வேட்டையை இன்றும் வழக்கில் கொண்டுள்ள ஜெர்மனியின் கூட்டாட்சிச் சட்டம், குட்டிகள் தாமே பிழைக்கும் நிலையை அடையும்வரை அவற்றை வளர்க்கும் தாய்தந்தையரைச் சுடலாகாது என்று விதிக்கின்றது. ஆண்டு முழுதும் வேட்டையாட இசைவுள்ள விலங்குகளுக்கும் அவ்விதி பொருந்தும். மீறுவது தண்டனைக்குரிய குற்றம். இரண்டையும் குறைத்தே ஆகவேண்டுமெனில், கன்றை முதலிலும் தாயைப் பின்னரும் சுடவேண்டும் என்பது அந்நாட்டு வேட்டைக்காரர் வழக்கு. கேட்கக் கொடிதாகத் தோன்றும். ஆயினும் தாயற்ற கன்றைப் பசிக்கு விட்டுச் செல்வதினும் அது கருணை. துப்பாக்கியை விடாதவர்களே இவ்வளவு எண்ணியிருக்க, கருணை பேசும் நாம் ஏன் எண்ணவில்லை?

'பயிர் அழியும்போது மடியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?' என்பது மூன்றாவது. பயிரைக் காக்கும் உழவன் இரவில் தனியே நிற்பவன். அவனிடம் யான் இதைக் கேட்கவில்லை. கூலிக்கு வரவழைக்கப்பட்டுப் பகலில் குறிபார்ப்பவன், குறிபார்க்கும் கண்ணாலேயே மடியையும் பார்க்கலாம். ஐயம் தோன்றினால் துப்பாக்கியைத் தாழ்த்தலாம்.

ஆகவே யான் வேண்டுவது இதுதான். அத்தகைய ஆணை இனிப் பிறப்பிக்கப்படுமாயின், பால் சுரந்த மடியுடைய பிணையும் கன்றோடு செல்லும் பிணையும் சுடப்படலாகாது என்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். சுடப்பட்டது ஆணா, பெண்ணா, பாலூட்டியதா என்பது பதிவு செய்யப்பட வேண்டும். தவறி வீழ்த்தப்பட்ட தாயின் கன்றைத் தேடி எடுத்து வனத்துறையிடம் சேர்ப்பது சுட்டவனின் கடமையாக வேண்டும். இராஜஸ்தானத்தில் பிஷ்னோய் பெண்கள் தாயற்ற மான்கன்றுக்குத் தம் பாலையே ஊட்டி வளர்ப்பதுண்டு. அவ்வளவு உயர யாரையும் யான் அழைக்கவில்லை. ஆணையில் ஒரு வரிதான் கேட்கின்றேன். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவன் என்ற முறையில் சொல்கின்றேன். ஒரு வரியைச் சேர்க்க ஆகும் மை மிகச் சிறிது.

பெரியவர் அவர்களே! அடுத்த விருந்திலும் யான் தங்கள் அருகில் அமர்ந்து ஆட்டுக்கறி உண்பேன். அப்பொழுதும் மானுக்காகப் பேசுவேன். தமிழில் பெண்மானுக்கும் பிணை என்றே பெயர். ஒருவருக்காக ஒருவர் பொறுப்பேற்று நிற்பதற்கும் பிணை என்றே பெயர். அந்தப் பிணை தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்ல, ஒருவரேனும் பிணை நிற்க வேண்டாமா?