பணம் போச்சு, டிக்கெட் வரல.. ஆப்பில் 'சம்திங் வென்ட் ராங்' வந்தால் என்ன அர்த்தம்?

அக்கவுண்டில் பணம் எடுத்தாச்சு. ஸ்கிரீனில் 'சம்திங் வென்ட் ராங்'. உடனே மறுபடி 'பே' பட்டனை அழுத்தலாமா? கொஞ்சம் பொறுங்க!

என்ன நடக்கிறது?

ஆப் அனுப்பும் கோரிக்கைக்கு சர்வர் ஒரு எண்ணுடன் பதில் தரும். 404 என்றால் கேட்டது அங்கே இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறி கேட்டாச்சு. 503 என்றால் சர்வரால் இப்போதைக்கு முடியாது. 504தான் சிக்கல்: பின்னால் உள்ள சர்வரிடமிருந்து நேரத்துக்குள் பதில் வரவில்லை. வேலை முடிந்ததா, இல்லையா என்பதே தெரியாது.

தவறு எங்கே?

இத்தனைக்கும் ஒரே மெசேஜைக் காட்டுவதுதான். பிரவுசரில் உள்ள 'ஃபெட்ச்' வசதி, 404, 500 வந்தால்கூட தோல்வி என்று சொல்லாது. டெவலப்பர்தான் தனியாகச் சோதிக்க வேண்டும். நல்ல ஆப், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயற்சிக்கும். ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, இரண்டு முறை பணம் எடுப்பதைத் தடுக்கும்.

நீங்க என்ன செய்யணும்?

முதலில் டிரான்சாக்‌ஷன் ஹிஸ்டரியைப் பாருங்க. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, யுபிஐயில் பணம் எடுக்கப்பட்டும் வியாபாரிக்கு உறுதி கிடைக்காவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிந்தைய 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.