தோட்டா வேண்டாம், கிட்டி போதும்

சென்னை, பெங்களூரில் இருக்கும் தம்பிகள் சிலர் ஒரு வீடியோவை அனுப்பி வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருத்தர் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து, சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்தும் ரவையும் நிரப்பி, கைப்பிடியை இழுத்து மூடுகிறார். டக் டக்கென்று வரிசையாக வந்து விழுகிறது. கூடவே ஒரு யோசனையும் வரும்: "அண்ணே, எலி, மயில், பன்னின்னு புலம்புறீங்களே. லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வாங்குங்க. தோட்டாவை இப்படி நீங்களே போட்டுக்கிட்டா செலவும் மிச்சம், பயிரும் மிச்சம்."

நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா சொல்றது தப்பு. ஏன்னு சொல்றேன்.

அமெரிக்காக்காரன் அதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே களிமண் தட்டை பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டில் ஒரு சுற்றுக்கே 25 தோட்டா. வாரம் நாலு சுற்று ஆடுகிறவனுக்கு நூறு. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அந்த நாட்டு மத்திய அரசு தனி உரிமம் கேட்பதில்லை. அவனுக்கு அது பொழுதுபோக்கு, பக்கத்தில் கொஞ்சம் சிக்கனம்.

நம்ம ஊர்க் கதை வேற. 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டத்தை மாற்றி 1959-ல் நாமே ஒன்று போட்டோம். அதில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் தர இடம் உண்டு, இல்லேங்கல. ஆனால் அது குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய வகைத் துப்பாக்கிக்கு. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் மற்றது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரித்தால் குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். வீட்டுத் திண்ணையில் மருந்தையும் ரவையையும் பரப்பி உட்கார்ந்திருப்பவனைப் போலீஸ் எந்தக் கண்ணால் பார்க்கும்னு நீங்களே யோசிங்க. உரிமம் வைத்திருந்த பெரியவர்களே, ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து, திரும்ப வாங்க அலைந்து அலுத்து, புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள்.

சரி, சட்டத்தை ஒதுக்கி வைப்போம். துப்பாக்கியே கையில் இருக்குன்னு வச்சுக்குவோம். யாரைச் சுடுறது?

டெல்டாவில் நெல்லுக்கு முதல் எதிரி வரப்பெலி. ராத்திரியில் வரும், தூர் கட்டிய பயிரை அடியில் சாய்வாக வெட்டிப் போடும். காலையில் போய்ப் பார்த்தால் வயல் நடுவில் பாய் விரித்த மாதிரி வெறிச்சோடிக் கிடக்கும். கதிர் வந்தபிறகு வளைக்குள் நெல்லை இழுத்துச் சேர்த்தும் வைக்கும். மூணு வாரத்தில் குட்டி போடுகிற ஜென்மம். அதைப் பன்னிரண்டு போர் துப்பாக்கியால் சுடப் போகிறீர்களா?

அடுத்தது மயில். இருபது வருஷம் முன்னாடி எங்க பக்கம் மயிலைப் பார்த்தாலே கும்பிடுவோம். இப்ப நாத்தங்காலில் கூட்டமா நிக்குது. அது 1963 முதல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. கை வைத்தால் ஜெயில். பன்றியா? 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி சொல்லியிருக்கிறது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை. நீங்களும் நானும் இல்லை. ஆக, சுடக்கூடியது எதுவும் துப்பாக்கிக்குச் சிக்காது, சிக்குவதைச் சுடக்கூடாது.

அப்புறம் இங்கே துப்பாக்கி எதைச் சுட்டது? நீர்ப்பறவையை. கொக்கு, மடையான், தாரா. கோடியக்கரை 2002-லிருந்து ராம்சர் ஈரநிலம். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் சேர்ந்தன. அந்தத் தண்ணீருக்கும் நம்ம வயல் தண்ணீருக்கும் நடுவே மதில் கிடையாது. ஏரியில் தங்கும் பறவை வயலில்தான் மேயும். ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான ஈய ரவை. பறவை மேல் படுவது நாலஞ்சு, மீதி சேற்றில். அதைச் சின்னக் கல் என்று நினைத்து வாத்து விழுங்கும், இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறும், மெதுவாகச் சாகும். இதனால்தான் வேட்டையையே கொண்டாடுகிற அமெரிக்கா 1991-லேயே நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஈரநிலங்களில் தடுத்தது. நம்ம டெல்டா முழுக்கவே ஈரநிலம். அந்தச் சேற்றில் நடவு நடுகிறவள் வெறுங்காலோடு நிற்கிறாள், தம்பி.

இங்கே உடனே ஒரு குரல் வரும்: "அதெல்லாம் நரிக்குறவங்க பண்றது." நில்லுங்க. அவங்களுக்குக் குருவிக்காரர் என்றே பேர். பறவை பிடிப்பது பரம்பரைத் தொழில். 1972 சட்டம் அந்தத் தொழிலைக் குற்றமாக்கியது, பதிலுக்கு வேறு பிழைப்பு தரவில்லை. பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பதற்கே 2023 வரை காக்க வைத்தோம். பாசிமணி விற்கிறவர் கொக்கைத் தின்பதற்காக மட்டும் பிடிக்கவில்லை, விற்கப் பிடிக்கிறார். வாங்குறது யாரு? ஊருக்கு வந்தால் "மடையான் கிடைக்குமா?" என்று காரை ஓரம் கட்டிக் கேட்கிற நாமதான். வாங்கும் கை நின்றால் பிடிக்கும் கை தானாக நிற்கும்.

துப்பாக்கி இல்லாதவன் எடுக்கிற குறுக்கு வழிகள் இன்னும் மோசம். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயை மாடு கடிக்கும், வாய் சிதறும். 2020 மே மாதம் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை ஒன்று வெடியைக் கடித்து, வெள்ளியாற்றில் நின்றபடியே செத்ததை உலகமே பார்த்தது. எலிக்கு என்று வரப்பில் கரண்ட் கம்பி இழுத்து, மடை பார்க்கப் போன மனுஷன் செத்த செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. வெடியும் கரண்டும் எலி எது, ஆள் எதுன்னு பார்க்காது.

அப்ப என்னதான் பண்றது? பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது, பேரே தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கில் பட்டையை வில்லாக வளைத்துக் கயிற்றில் இழுத்துக் கட்டி, நடுவில் இரை வைத்து, பொழுது சாய வரப்போரம் வைப்பார்கள். எலி இரையைத் தொட்டதும் வில் விடுபடும், அதோட கதை முடிஞ்சுது. விடியுமுன் எடுத்துவிடுவார்கள். மருந்து இல்லை, ரவை இல்லை, விஷம் இல்லை. கிட்டி வைக்கிற கைக்கு எலித்தடம் படிக்கத் தெரியும். எந்த வளையில் எலி இருக்கு, எது காலி என்று மண்ணைப் பார்த்தே சொல்லும். அந்த வித்தை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எலிக்கு இவ்வளவு என்று பேரம் பேசியே அவர்களை விரட்டியதும் நாமதான்.

இன்னொரு வேட்டைக்காரர் சம்பளமே கேட்காதவர்: கூகை. மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள். இஸ்ரேலும் ஜோர்டானும் சண்டையை மறந்து கூகைக்காகச் சேர்ந்து வேலை செய்தன. நாம என்னடான்னா சாக்குருவின்னு சொல்லிக் கல்லெடுத்து அடிக்கிறோம். வயலில் டி வடிவத்தில் நாலு குச்சி நட்டால் ராத்திரி வந்து உட்காரும். வரப்பைச் சின்னதாக வெட்டினால் எலிக்கு வளை போட இடம் குறையும்.

அரசிடம் கேட்பது இவ்வளவுதான். ஒருத்தன் வயலில் மட்டும் பிடித்தால் எலி அடுத்த வயலுக்குப் போகும். குறுவைக்கு முன்னும் தாளடிக்கு முன்னும், பஞ்சாயத்து முழுக்க ஒரே வாரத்தில் எலி பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள். கிட்டிக்காரருக்கு ஒழுங்கான கூலி கொடுத்து, இளவட்டங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். மயில் தின்ற நெல்லுக்கு, அலைய விடாமல் நஷ்ட ஈடு கொடுங்கள். பன்றியைச் சுடும் அதிகாரத்தை வனத்துறை வைத்துக்கொண்டால், கூப்பிட்ட அன்றைக்கு வரவேண்டும். அறுப்பு முடிந்து வந்து என்ன செய்ய?

நகரத்துத் தம்பிகளுக்கும் ஒன்று. ஊருக்கு உதவணும்னு தோணுதா? தோட்டா வீடியோ வேண்டாம். உங்க பங்கு நிலம் எங்கே குத்தகையில் கிடக்கிறதோ, அந்த விவசாயிக்கு நூறு கிட்டி கட்டுகிற மூங்கில் செலவை அனுப்புங்க. பொங்கலுக்கு வரும்போது மடையான் கேட்காதீங்க. பயிர் பிழைக்க அது போதும்.