ஆறு உதைகளும் நான்கு ட்ரைகளும்

1959 ஆம் ஆண்டு டனீடின் நகரில் நடைபெற்ற றக்பி டெஸ்ட் போட்டியில் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நான்கு ட்ரைகளைப் பெற்றும் 17–18 என்ற புள்ளிகளில் நியூசிலாந்திடம் தோற்றது. வென்றவர்களின் 18 புள்ளிகளும் டொன் கிளார்க்கின் ஆறு பெனால்டி உதைகளால் கிடைத்தவை. அன்று ட்ரைக்கும் மூன்று புள்ளிகளே, இன்று ஐந்து. ஆயினும் 2023 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் ட்ரை பெற்ற ஒரே அணியான நியூசிலாந்து, ஹன்ட்ரே பொலார்டின் நான்கு உதைகளிடம் 11–12 என வீழ்ந்தது. வரலாறு கணக்கைத் தீர்த்துக் கொண்டது போலும்!

பெனால்டியின் புள்ளிகளைக் குறைக்க வேண்டும் என்போருடன் நான் உடன்படவில்லை. தண்டனை மலிந்தால், தடுப்பவர்கள் தமது கோட்டருகே வேண்டுமென்றே தவறிழைப்பார்கள். உதை தற்செயலானதும் அன்று. கிளார்க்கின் காலத்தில் குதிகாலால் மண்ணைக் கிளறிப் பந்தை நிறுத்தினார்கள். பிறகு மணற்குவியல் வந்தது. இப்போது பிளாஸ்டிக் தாங்கி. சேறு முடிவுசெய்ததை இன்று கால் முடிவுசெய்கிறது. அந்த இறுதிப்போட்டியில் மொஉங்காவும் ஜோர்டி பரெட்டும் தாங்கியில் வைத்தே உதைத்தார்கள். இருவருடைய பந்தும் கம்பங்களுக்கு வெளியே சென்றது.