நாய் ஒண்ணும் பனியன் பண்டல் இல்லீங்க

எங்க லைன் வீட்டில் ஒடிசாக்கார அண்ணன் ஒருத்தர் குடியிருந்தார். ஓவர்லாக் டெய்லர். கம்பெனி வாசலில் கிடந்த குட்டியைத் தூக்கிட்டு வந்து மூணு வருஷம் வளர்த்தார். பேரு மணி. போன சித்திரையில் குடும்பத்தோட ஊருக்கே திரும்ப வேண்டிய நிலைமை. "மணியைக் கூட்டிட்டுப் போக வழி இருக்கா தம்பி, கேட்டுச் சொல்லு"ன்னார். விசாரிச்சப்போதான் தெரிஞ்சது, நாய் ரயில் ஏறுவது எவ்வளவு கஷ்டம்னு.

விதி இதுதான். நாய் உங்க கூடவே வரணும்னா, முதல் வகுப்பில் ரெண்டு பேர் கூப்பே அல்லது நாலு பேர் கேபின் முழுசா உங்களுக்கே கிடைக்கணும். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் அனுமதி கிடையாது. மிச்சம் இருப்பது கார்டு வேனில் உள்ள நாய்க்கூண்டு. தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவர் தரும் சான்று ரெண்டையும் காட்டி, பார்சல் ஆபீஸில் பதிவு பண்ணணும். அதாவது, பனியன் பண்டல் போற பெட்டியில் மணியும் போகணும்.

ஒடிசாவுக்கு ஒரு நாளைக்கு மேல் பயணம். சித்திரை வெயிலில் அந்த வேன் எப்படிக் கொதிக்கும்னு நீங்களே யோசிங்க. திருப்பூரில் ரயில் நிற்பதே சில நிமிஷம். அதுக்குள்ள, மிரண்டு நிற்கும் நாயைக் கூண்டில் ஏத்தணும். அப்புறம் அன்ரிசர்வ்டு கூட்டத்தை விலக்கி இறங்கி, ஓடிப்போய்த் தண்ணி வெச்சுட்டு, ரயில் கிளம்பும் முன்னாடி திரும்பி ஏறணும்.

விமானம்? கோவை ஏர்போர்ட் பக்கம்தான். ஆனா ஏர் இந்தியா, ஆகாசா மாதிரி சில நிறுவனங்கள்தான் செல்லப்பிராணிகளை ஏத்துறாங்க. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1978-லேயே விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கு விதிகள் வந்தாச்சு. கிளம்ப 2 மணி நேரம் முன்னாடியே சாப்பாடும் தண்ணியும் கொடுத்திருக்கணும். கோடையில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணி. ரயிலில் 6 மணி நேரத்துக்கு மேல் போனா கூடவே ஒரு ஆள் வரணும், அவர் எல்லா ஸ்டேஷனிலும் நாயைப் பார்க்க முடியணும். அன்ரிசர்வ்டில் நசுங்கி வர்ற மனுஷன் இதை எப்படிச் செய்வார்? முதல் வகுப்புக்காரர் நாய்க்கு ஏசி, தொழிலாளி நாய்க்கு இரும்புக்கூண்டு. இதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். வடக்கே போற நீண்டதூர ரயில்களிலாவது, காற்றோட்டமான கூண்டும் அதுக்குப் பக்கத்திலேயே உரிமையாளருக்கு ஒரு சீட்டும் கொடுத்தால் என்ன?

அது வரும்வரை நம்ம பங்கும் ஒண்ணு இருக்கு. ஹாஸ்டல் பசங்களும் ரூம் எடுத்துத் தங்குறவங்களும் ஃபர்ஸ்ட் இயரில் ஆசையா குட்டி எடுக்குறோம். ஃபைனல் இயரில் ரூம் காலி பண்றப்போ அது தெருவுக்கு வருது. எடுக்கும் முன்னாடியே, இதை எப்படி ஊருக்குக் கூட்டிட்டுப் போவேன்னு கேட்டுக்குங்க. ஏற்கெனவே வளர்க்குறீங்கன்னா, கிளம்ப ஒரு மாசம் முன்னாடியே கூண்டில் உட்காரப் பழக்குங்க. தூங்கட்டும்னு நீங்களா மயக்க மருந்து கொடுத்துடாதீங்க, மூச்சுக்கே ஆபத்தாகலாம். முடிஞ்சா வெயில் காலத்தைத் தவிர்த்துடுங்க.

மணி இப்போ எங்க வீட்டில்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோ கால் பண்ணுவார். குரல் கேட்டதும் மணி போனைப் பார்க்காது, கேட்டுப் பக்கம்தான் ஓடும்.