காவலை விலக்குவதா?

ஹைதராபாத் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் தமிழர்கள் பலர். மின்னஞ்சலில் வந்த இணைப்பை அவுட்லுக்கில் சொடுக்கினால் பக்கம் திறக்கச் சுணங்குகிறது என்பது அவர்களுக்கும் பழகிப்போன சலிப்பு. சில விநாடித் தாமதம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். தாமதத்தைவிட, அதற்குத் தேடப்படும் பரிகாரமே கவலை தருவது. இணைப்புகளைச் சோதிக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டையே நிறுத்திவிடலாம் என்று யோசனை சொல்வோர் உண்டு. வாசலில் கூட்டம் சேர்கிறது என்று காவலாளியை வீட்டுக்கு அனுப்புவது போன்றது இது.

முதலில் தவறு எங்கே என்று கண்டறிய வேண்டும். பிரௌசரைத் திறந்து வைத்துக்கொண்டு அதே இணைப்பைச் சொடுக்கிப் பார்க்கலாம். சட்டென்று திறந்தால், பிரௌசர் தொடங்க எடுத்துக்கொண்ட நேரமே தாமதத்துக்குக் காரணம். குரோம் திறந்திருந்தும் சுணங்கினால், அவுட்லுக் அழைப்பது வேறு பிரௌசராக இருக்கலாம். 2023-ல் மைக்ரோசாப்ட், விண்டோஸ் அவுட்லுக்கிலிருந்து இணைப்புகள் தனது எட்ஜ் பிரௌசரில் திறக்கும்படி மாற்றம் செய்தது. வேண்டாதவர் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘அட்வான்ஸ்ட்’ என்பதன் கீழ் இதை மாற்றிக்கொள்ளலாம்.

அதன் பிறகும் தாமதமா? நன்கு தெரிந்த தளமானால் அதன் முகவரியை பிரௌசரில் நேரே டைப் செய்து பார்க்க வேண்டும். அதுவும் மெதுவாகத் திறந்தால் கோளாறு நெட்வொர்க்கிலோ, அந்தத் தளத்திலோ இருக்கும். தளம் வேகமாகத் திறந்து, கடிதத்தின் இணைப்பு மட்டும் சுணங்கினால், வழியில் சோதனை நடக்கிறது என்று ஊகிக்கலாம். இணைப்பின் மீது சுட்டியை வைத்தால் தெரியும் முகவரியில் ‘சேஃப்லிங்க்ஸ்’ என்ற சொல் இருந்தால் அந்த ஊகம் உறுதிப்படும்.

இந்தச் சோதனை வீண் வேலையல்ல. காலையில் கடிதம் வரும்போது சாதுவாக இருந்த பக்கத்தை மோசடிக்காரர்கள் மாலைக்குள் மாற்றிவிட முடியும். ஆகவேதான் கடிதம் வரும்போது மட்டுமின்றி, சொடுக்கும் நேரத்திலும் முகவரி சோதிக்கப்படுகிறது. போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு ஓடுவதைவிட, சில விநாடி காத்திருப்பது மேல்.

எனினும் குறைகூறும் ஊழியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. இணைப்பு சோதிக்கப்படுகிறது என்று திரையில் ஒரு வரி தெளிவாகத் தெரிந்தால் யாரும் பதற மாட்டார்கள். காரணம் தெரியாத காத்திருப்புதான் எரிச்சலை மூட்டுகிறது; எரிச்சல்தான் காவலை விலக்கத் தூண்டுகிறது. அவுட்லுக்கைத் தயாரிக்கும் மைக்ரோசாப்டின் இந்திய அபிவிருத்தி மையம் 1998-ல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டது. அதன் வளாகம் இருப்பதும் இதே கச்சிபௌலியில்தான். பக்கத்துத் தெருவில் எழும் இந்த முணுமுணுப்பு அங்கே கேட்க வேண்டும்.

அலுவலக நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. எந்தத் தாமதம் காவலால் வருகிறது, எது கோளாறால் வருகிறது என்பதைச் சிப்பந்திகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கோளாறை நீக்கட்டும், காவல் இருக்கட்டும்.